சாம்பல் மேட்டுக்காரி

ஆட்டுப்பட்டியில் சேரும் புழுக்கையை உண்ணி ஒழிய ஆண்டுதோறும் கொளுத்துவது அந்த இடைச்சியின் குடும்பத்து வழக்கம். பட்டிக்கு அடியில் தோண்ட வந்த ஆராய்ச்சியாளர் அடுக்கடுக்காகப் பழஞ்சாம்பலைப் பார்த்துவிட்டு, "பலி கொடுத்த இடமோ?" என்று வாய்பிளந்தார்.

"பலியுமில்ல, பூதமுமில்ல சார். உண்ணிக்கு வெச்ச நெருப்பு" என்று அவள் சிரித்தாள்.

அவள் சொன்னதே சரியென்று ஆய்வுக்கூடமும் சொன்னது. நாலாயிரம் ஆண்டுக்கு முன்பே அங்கே ஆடு அடைத்திருக்கிறார்கள். பட்டியிருந்த அந்தச் சாம்பல் மேடு பாரம்பரியச் சின்னமானது. சுற்றிலும் கம்பிவேலி போட்டு, கால்நடைகள் நுழையக் கூடாதென்று பலகையும் மாட்டினார்கள்.

"ஆடு அடைச்ச இடம்னுதானே பாதுகாக்கறீங்க? என் ஆட்டை எங்க அடைக்கறது?"

"சட்டம்மா, நான் என்ன பண்ண?" என்றார் அதிகாரி.

அங்கே தோண்டியெடுத்த, என்றோ செத்துப்போன ஆட்டின் எலும்புக்குக் கண்ணாடிப் பெட்டி செய்தவர்கள், உயிருள்ள ஆட்டுக்கு ஒரு கொட்டகை போடவில்லை. மழைக்காலத்தில் வெட்டவெளியில் நனைந்து குட்டிகள் ஒவ்வொன்றாக விறைத்துச் செத்தன. ஏழாவதைப் புதைக்க அவள் வேலியோரம் குழி வெட்டியபோது காவலாளி ஓடிவந்தான்.

"இங்கெல்லாம் தோண்டக் கூடாதும்மா!"

அவள் குட்டியை அவன் காலடியில் கிடத்தினாள்.

"அப்ப இதையும் சேர்த்துப் பாதுகாத்துக்கோ."