கண்ணை மூடாத ஜெபம்

மருத்துவச்சியாகக் காஞ்சிபுரத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிரசவம் பார்க்கப் போகும்போதெல்லாம் பயமாக இருக்கும். "விசுவாசம் இருந்தா பயம் போயிடும்மா" என்று சபையில் சொல்வார்கள். எனக்குப் போகவில்லை. அதைக் கேட்கக் கேட்க எரிச்சல்தான் வந்தது.

ஒருநாள் நெசவாளர் வீடொன்றில், தறிக்குப் பக்கத்திலேயே பிரசவம். குழந்தை பிறந்தது, அழவில்லை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆண்டவரே, என்னால் முடியாது" என்று முணுமுணுத்தேன்.

படுத்திருந்த தாய் அதட்டினாள்: "சாமிய அப்புறம் கும்பிட்டுக்கம்மா. கொழந்த நீலமா ஆயிக்கினு இருக்குது, பாரு."

வாயிலிருந்த சளியைத் துடைத்து, முதுகைத் தேய்த்தேன். வீலென்று அழுதது.

பயம் இன்றும் போகவில்லை. ஆண்டவரைக் கூப்பிடாமல் ஒரு பிரசவமும் பார்ப்பதில்லை, அதே ஜெபம்தான். கண்ணை மட்டும் மூடுவதில்லை.