லயல் வாங்கிய முதல் வெல்டிங் மெஷின்

லயல் பிராட்ரிப் வாலிபத்திலிருந்தே பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். ஒவ்வொரு பண்ணை வாசலிலும் ஹாரனை இரண்டு தடவை குட்டையாக அடிப்பார். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். ஒரு பிள்ளைக்கும் சிராய்ப்புகூடப் பட்டதில்லை. அவர் ஓய்வு பெற்றபோது பள்ளியில் கேக் வெட்டி அதைத்தான் சொன்னார்கள். பிறகு போகிற இடமெல்லாம் அவரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் குவீன்ஸ்லாந்து மேட்டில் மழை பொய்த்துப்போனது. வீட்டுத் தொட்டியைத் தட்டினால் அடிவரை வெற்று ஓசை. ஆளாளுக்கு டிரெய்லரில் டாங்கியை வைத்து ஊர்க் குழாயிலிருந்து தண்ணீர் இழுத்தார்கள். எத்தனை நாள்தான் இரவல் டிரெய்லருக்குக் காத்திருப்பது? தானே ஒன்று கட்டிவிடுவது என்று லயல் இறங்கினார். இரும்பு வந்துவிட்டது. வெல்டிங் மெஷின்தான் இல்லை. அதைக் கையில் பிடித்தும் அவருக்குப் பழக்கமில்லை.

பக்கத்துப் பண்ணைக்காரர் கிளாரி, ராடு வைத்துப் பற்றவைக்கும் தன் பழைய மெஷினைக் காட்டினார். லயல் தூக்கிப் பார்த்தார்.

"என்னடா இது, செத்த கன்னுக்குட்டி கணக்கா கனக்குது!"

"கனக்கும். இதுக்குப் பெரிய பிளக் வேணும். ஷெட்டுக்குத் தனி லைன் இழுத்துக்கோ."

"எலக்ட்ரீசியன் வர்றதுக்குள்ள மழையே வந்துரும்."

"வந்தா நல்லதுதானேடா!"

லயல் சிரித்துவிட்டு, கடைக்குப் போய்ச் சின்னதாக ஒன்று வாங்கி வந்தார். சாப்பாட்டுப் பெட்டி அளவுதான். விசையை அழுத்தினால் கம்பி தானே ஊர்ந்து வரும். எந்தப் பிளக்கிலும் செருகலாம். ஷெட்டில் கரண்ட் இல்லாததால், துணி துவைக்கிற அறையிலிருந்து தோட்டத்தைத் தாண்டி நீளமாக ஒரு மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்துக்கொண்டார். டிரெய்லரைக் கட்டி முடித்து ஒயரைச் சுருட்டும்போது அது வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் கிடந்ததல்லவா என்று நினைத்துக்கொண்டார்.

பற்றவைத்த கோடுகள், காசுகளைச் சாய்த்து அடுக்கியது போல வரிசையாக விழுந்தன.

"என் கல்யாணக் கேக்குல கூட இவ்ளோ அழகா க்ரீம் வெக்கலடா," என்றார் கிளாரி.

செய்தி பரவியது. பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள்: ஊஞ்சலின் கால் ஒன்று தளர்ந்திருக்கிறது, வந்து பார்க்க முடியுமா? லயல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய், அந்த ஒயரையே வகுப்பறையிலிருந்து மைதானம்வரை இழுத்து, காலைத் தரையிலுள்ள அடித்தகட்டோடு பற்றவைத்துக் கொடுத்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

டிரெய்லர் வைத்திருப்பவன், கேட்டவருக்கு இல்லையென்று சொல்வது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. மகள் டாம்சின் ஒருநாள் காலையிலேயே வந்து, தண்ணீர் பிடிக்க அதை இழுத்துப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வறண்ட காற்று ஷெட்டுக் கதவை அறைந்தது. கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த இரும்பு இரண்டாகப் பிளந்து உருண்டது. டிரெய்லருக்கு முன்பு, அதே தடிமனில், அவர் பற்றவைத்துப் பழகிய துண்டு அது.

எடுத்துப் பார்த்தார். அழகான அந்தக் கோடு பல்லி வால் போல முழுசாகக் கழன்றிருந்தது. அடியில் இரும்பு உருகவே இல்லை. வாங்கியபோது இரும்பின் மேல் இருந்த நீலப் படலம் அப்படியே இருந்தது. மூலையில் சுருண்டு கிடந்த ஒயரைப் பார்த்தார். மெஷினுக்குப் போக வேண்டிய கரண்டின் வலு அந்த மெல்லிய ஒயரின் நீளத்திலேயே தேய்ந்துபோயிருக்கிறது. டிரெய்லரின் கொக்கியும் இதே மெஷினில் வைத்ததுதான். கொக்கி விட்டால் பிடிக்க வேண்டிய சங்கிலியும் இதிலேதான்.

டாம்சினுக்குப் போன் போகவில்லை. பள்ளத்தாக்கில் சிக்னல் கிடையாது. காரை எடுத்தார்.

வறண்ட ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவில், நிறை டாங்கியோடு அவள் இறங்கி வந்துகொண்டிருந்தாள். கை தானாக ஹெட்லைட் சுவிட்சுக்குப் போயிற்று. சட்டென்று நின்றது. அந்த வட்டாரத்தில் எதிர்வண்டி விளக்கைச் சிமிட்டினால் ஒரே அர்த்தம்தான்: முன்னால் போலீஸ். யாராயிருந்தாலும் உடனே பிரேக்கை மிதிப்பார்கள். இறக்கத்தில் அவள் மிதித்தால், பின்னாலுள்ள ஒரு டன் தண்ணீர் மிதிக்குமா?

விளக்கைத் தொடாமல், காரைப் பின்னோக்கி எடுத்துச் சமதரையில் நிறுத்தி, ஓரமாக இறங்கி நின்றார். பேருந்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவது போல மெதுவாகக் கையை ஆட்டினார்.

அவள் ஓடைப் பாலத்தைக் கடந்து, ஏறி வந்து, நிதானமாக நிறுத்தினாள்.

"என்னப்பா, கார் மக்கர் பண்ணுதா?"

லயல் கல்லெடுத்து டிரெய்லர் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு, டாங்கிக் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் சாலையில் ஓடியது.

"அப்பா! புத்தி கெட்டுப்போச்சா? எவ்ளோ நேரம் வரிசையில நின்னேன் தெரியுமா?"

"இங்க வந்து பாரும்மா."

கொக்கியின் மூன்று பக்கமும் விரிசல், நகம் நுழைந்தது. சங்கிலியைப் பிடித்து இழுத்தார். அடித்தகட்டோடு கையில் வந்துவிட்டது.

டாம்சின் குனிந்து அந்தத் தகட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "இந்த மெஷின்ல... வேற எதையாவது பத்த வெச்சியாப்பா?"

"பள்ளிக்கூட ஊஞ்சல்!" என்று லயல் காருக்கு ஓடினார். மதிய இடைவேளைக்கு அதிக நேரமில்லை.

பேருந்தில் ஒருநாளும் போகாத வேகத்தில் அந்தச் சாலையில் போனார். பள்ளி மேட்டில் ஏறும்போதே மணி அடித்தது. வேலிக்கப்பால் ஊஞ்சல்கள் உயர உயரப் போய் வந்தன. கத்தினால் யாருக்குக் கேட்கும்? ஹாரனை அடித்தார். குட்டையாக, இரண்டு தடவை. மறுபடியும் இரண்டு தடவை.

"லயல் வந்துட்டாரு!"

ஆடிய பிள்ளைகள் குதித்து வேலிக்கு ஓடி வந்தார்கள். லயல் ஸ்டியரிங்கை விடவில்லை, இறங்கவுமில்லை. அவர்கள் தலைகளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் ஊஞ்சல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவர் பற்றவைத்த கால் அடித்தகட்டைவிட்டு எழும்பி எழும்பி உட்கார்ந்தது.