வேலிச்செடியில் கண் பரிசோதனை

நேற்று வலது கண்ணில் புரை அறுவை சிகிச்சை. இன்று காலை கட்டைப் பிரித்து, சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார் டாக்டர். கடைசி இரண்டு வரி தெரியவில்லை.

"ரெண்டு நாள்ல சரியாயிடுமுங்க" என்றார். நான் நம்பவில்லை. தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவள் நான். கண் மங்கியது தெரிந்தால் வேலை போய்விடுமென்று, ஓய்வுபெறும்வரை மறைத்துத் திரிந்தேன். பயம் லேசில் போகுமா?

ஆஸ்பத்திரி வாசலில் நின்று மகளிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்கம்மா, செடிய மொட்டையடிக்கிறீங்களே!"

காவலுக்கு நின்ற பெண். குனிந்து பார்த்தால், பேச்சு மும்முரத்தில் என் வலது கை வேலிச்செடியைப் பறித்து மருந்துப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறது!

அவள் பைக்குள் எட்டிப் பார்த்தாள். "ஒரு முத்தல் இலைகூட இல்லீங்களே! எங்கம்மாவும் கொழுந்து பறிக்கிறவங்கதான். நீங்க எந்த எஸ்டேட்டுங்க?"

நான் செடியைப் பார்த்தேன். குருத்து இளம்பச்சை, அடியிலை கரும்பச்சை. ஐந்து வருடமாக எனக்கு இரண்டும் ஒரே பழுப்பாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் இடது கண். இந்தத் தடவை எனக்குப் பயமில்லை, அந்தச் செடிதான் பயப்பட வேண்டும்.

ஓய்வுபெற்ற தோழிகளே, உங்கள் கை மட்டும் சும்மாவா இருக்கிறது?