டிஸ்கெட்டில் வைத்த சந்தனம்

எண்பதுகளின் கடைசியில், பல்கலைக்கழகத்தில் எங்கள் வகுப்பு இரண்டு கட்சியாகக் கிடந்தது. கையால் எழுதினால்தான் படித்தது மண்டையில் ஏறும் என்று ஒரு கட்சி. இனி எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்று இன்னொன்று. இரண்டாவது கட்சியில் வாய் கிழியப் பேசியவன் நான். இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரையைக் கணினி அறையில் வரிசையில் காத்திருந்து தட்டி முடித்தேன். கையெழுத்துப் பிரதியைக் கிழித்தும் போட்டேன். அத்தனை திமிர்.

கட்டுரை முழுவதும் ஒரே ஒரு டிஸ்கெட்டில் இருந்தது. மெல்லிய கறுப்புச் சதுரம். அதில் விரல் நீளத்துக்கு ஒரு திறப்பு. உள்ளே சுழலும் பழுப்புத் தகடு அங்கே தெரியும். அதில் விரல் படவே கூடாது.

சரஸ்வதி பூசைக்குப் பாடாங் செராய்ப் பக்கம் நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்துக்கு அதையும் கொண்டுபோனேன். அக்காவிடம் காட்டிப் பீற்றிக்கொள்ளத்தான். அம்மா இறந்ததும் ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டு, பால்மரம் சீவி என்னைப் படிக்க வைத்தவள் அவள்.

"பூசையில வைக்க புக்கு எங்க தம்பி?"

"நான் படிச்சதெல்லாம் இதுக்குள்ளதான்லா இருக்கு."

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தேன். சாமி படத்துக்கு முன்னால், அவளுடைய மரம் சீவும் கத்திக்குப் பக்கத்தில், உறையைக் கழற்றி டிஸ்கெட்டை வைத்திருந்தாள். அந்தத் திறப்பைப் பொட்டு வைக்கும் இடம் என்று நினைத்துவிட்டாள் போல. சந்தனத்தைக் குழைத்து அழுத்தி அப்பி, மேலே குங்குமமும் இட்டிருந்தாள்.

"படிக்காத ஜென்மம்! நீ தொட்டாலே எல்லாம் கெட்டுப் போவுது!" என்று கத்தினேன்.

ஈரத்துணியோடு துடைக்க ஓடிவந்தாள். தட்டிவிட்டேன். "உனக்கு நல்லது நடக்கணும்னுதான் தம்பி..." என்றவளை முழுசாகப் பேசக்கூட விடவில்லை.

கணினி அறையில் எந்த இயந்திரமும் அதைப் படிக்கவில்லை. ஞாபகத்தில் இருந்ததை வைத்துக் கையாலேயே மறுபடி எழுதிக் கொடுத்துத் தேறினேன். கட்டுரையைத் திரும்ப எழுத முடிந்தது. அவளிடம் சொன்னதை என்ன செய்வது? அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஒன்றும் நடக்காதது போல அவள் சோறு போட்டாள். அதையே சாக்காக வைத்துச் சாப்பிட்டு எழுந்துவிட்டேன்.

பட்டமளிப்பு நாளுக்கு அக்கா வந்தாள். படம் எடுக்கும்போது பட்டச் சுருளை அவளிடம் நீட்டினேன். சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் தம்பி, நீயே பிடிச்சுக்க. நான் தொட வேணாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.