அப்பா காட்டிய ஜகார்த்தா

ஜகார்த்தாவுக்குப் போகிறோம் என்று நான் வகுப்பில் சொன்னபோது, பாலிக்கா என்று ரீச்சர் கேட்டார். பாலி இல்லை, ஜகார்த்தா என்றேன். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று அடுத்த கேள்வி வந்தது. எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. சிட்னியின் கிரவீனில் எங்கள் தெருவில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் விடுமுறைக்குச் சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ போய், பெட்டி நிறையச் சேலைகளோடு திரும்பி வருவார்கள். அம்மாவும் சிங்கப்பூர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். அப்பா ஜகார்த்தா என்றதும் அவர் முகம் மாறியது.

"அங்க போய் என்னத்தைப் பாக்கிறது?"

"நான் கன காலம் இருந்த இடமப்பா. எல்லாம் சுத்திக் காட்டுறன்" என்றார் அப்பா.

அப்பா அவுஸ்திரேலியாவுக்கு வருவதற்கு முன்னர் ஜகார்த்தாவில் இருந்தவர் என்பதும், அந்த நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் நானும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில் இருந்தோம். நாங்கள் பிறகு விமானத்தில் வந்தோம். சிட்னித் துறைமுகத்தில் நிற்கும் பெரிய வெள்ளைக் கப்பல்களைக் காணும்போதெல்லாம், அப்படி ஒன்றின் மேல்தட்டில், நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் அப்பா காலை நீட்டிப் படுத்திருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். எங்களை மட்டும் விமானத்தில் ஒடுக்கி அனுப்பிவிட்டார் என்று மனதுக்குள் ஒரு குறையும் இருந்தது.

சிட்னியில் அப்பா அதிகம் பேசமாட்டார். செவன் ஹில்ஸில் ஒரு களஞ்சியத்தில் வேலை. வீட்டுத் தொலைபேசியில் யாராவது ஆங்கிலத்தில் பேசினால் அதை என்னிடம் நீட்டிவிடுவார். பரமட்டாவில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நான்தான் அவருக்காகப் பேசவேண்டும். அப்படிப்பட்டவர் ஜகார்த்தா விமான நிலையத்தில் டாக்சிக்காரரிடம் அந்த நாட்டு மொழியில் சரளமாகப் பேசத் தொடங்கினார். நடுவில் ஏதோ பகிடி விட்டார். டாக்சிக்காரர் வண்டியின் சுக்கானைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பின்னால் இருந்த எனக்கு, அப்பாவுக்குப் பதிலாக யாரோ வேறு ஒருவர் எங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தது போல இருந்தது. அம்மாவும் அப்பாவின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் தேசிய நினைவுத் தூணைப் பார்க்கப் போனோம். உச்சியில் தங்கத் தகடு போர்த்திய சுடர் உள்ள உயரமான தூண் அது. மேலே போக லிஃப்ட் இருக்கிறது என்று அம்மா இணையத்தில் வாசித்திருந்தார். அப்பா எங்களை நேரே தூணின் அடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வேலி இருந்தது. வேலியைச் சுற்றி நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தபிறகும் வாசலைக் காணவில்லை. ஐஸ் விற்றுக்கொண்டு நின்ற ஒருவரிடம் அப்பா கேட்டார். அவர் தூரத்தில் இருந்த ஒரு சுரங்கப் படிக்கட்டைக் காட்டினார். நிலத்துக்குக் கீழால்தான் தூணுக்குள் போகவேண்டுமாம்.

"அப்பா, நீங்கள் முந்தி இதுக்குள்ள வந்திருக்கிறியளோ?"

"அந்த நேரம் வாசல் வேற பக்கம் இருந்தது" என்றார் அப்பா. ஐஸ்காரர் அந்தத் தூண் கட்டிய நாளிலிருந்து வாசல் அதுதான் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் பழைய நகரம். ஒல்லாந்தர் காலத்துக் கட்டடங்களுக்கு நடுவே பெரிய முற்றம். அங்கே நிறம்நிறமான சைக்கிள்களை வாடகைக்குக் கொடுத்தார்கள். சைக்கிளின் நிறத்திலேயே ஒரு தொப்பியும் தந்தார்கள். நான் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு சுற்றினேன். பிறகு பழம்பொருட்கள் வைத்திருக்கும் நூதனசாலைக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. திங்கட்கிழமைகளில் திறப்பதில்லையாம். அதுவும் அப்பாவுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். பொலிஸ்காரர் யாரையாவது கண்டால் அப்பா ஒன்றும் சொல்லாமல் தெருவின் மற்றப் பக்கத்துக்குப் போய்விடுவார். போகும்போது சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார். அதற்குள் எங்கள் மூவரின் நீல நிறப் பாஸ்போட்டுகள் இருந்தன. களவு போய்விடுமென்று பயப்படுகிறார் என்று நினைத்தேன். ஆனால் களவுக்குப் பயந்தவர் பொலிஸின் பக்கமாகத்தானே நடக்கவேண்டும்?

பக்கத்தில் பழைய துறைமுகம் இருந்தது. மரத்தால் செய்த பாய்க்கப்பல்கள் வரிசையாக நிற்பதாகவும், உல்லாசப் பயணிகள் எல்லோரும் அங்கே படம் எடுப்பதாகவும் அம்மா சொன்னார். அப்பா வாசலோடு நின்றுவிட்டார். "நீங்கள் பாத்திட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு, துறைமுகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கல்லில் இருந்தார். திரும்பி வந்தபோது நான் கேட்டேன், நீங்கள் வந்தது இதைவிடப் பெரிய கப்பல்தானே என்று. அவர் எழும்பிக் காற்சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். அம்மா என் கையில் கிள்ளினார். எதற்குக் கிள்ளினார் என்றும் விளங்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்களுக்கு இந்த ஊரில ஒண்டும் தெரியாது. எங்களைவிட உங்களுக்குத்தான் கூடத் தெரியாது" என்று கத்தினேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு எனக்குத் தெரிஞ்ச இடத்துக்குப் போவம்" என்றார்.

மறுநாள், இரண்டு பேருந்து மாறி, நெரிசலான ஒரு குடியிருப்புக்குப் போனோம். எந்த உல்லாசப் பயணியும் அங்கே இல்லை. ஆனால் அப்பா ஒரு பெயர்ப்பலகையைக்கூடப் பார்க்காமல் நடந்தார். கழிவுநீர்க் கானுக்கு மேல் போட்ட பலகை ஆடும், பார்த்துக் கால் வை என்றார். பலகை ஆடியது. இந்த மூலையில் பள்ளிவாசல் குழாய் இருக்கும், முகம் கழுவலாம் என்றார். குழாய் இருந்தது. அப்படியே ஒரு திருப்பத்துக்கு வந்து, "இஞ்சதான்" என்று கையை நீட்டினார்.

அங்கே கைத்தொலைபேசி திருத்தும் கடை ஒன்று இருந்தது.

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. கடைப் பையனிடம் ஏதோ கேட்டார். அவன் தெரியாது என்று கையை விரித்தான். பக்கத்து வீட்டில் கேட்டார். பிறகு எதிர்வீட்டில். பிறகு எங்களை அப்படியே விட்டுவிட்டு ஒடுக்கமான ஒழுங்கைக்குள் ஓடினார். அப்பா ஓடி நான் அன்றுதான் பார்த்தேன். அவர் கேட்ட ஒவ்வொரு இடத்திலும் 'இபு' என்ற சொல் வந்தது. வளர்ந்த பெண்களை அந்த நாட்டில் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள், ஹோட்டலில் நானே கேட்டிருந்தேன். அம்மாவும் கேட்டிருந்தார். அப்பா தேடுவது ஒரு பெண்ணை என்று விளங்கியதும் அவர் குழாயடிக் கட்டில் இருந்துவிட்டார்.

அப்பா வியர்த்துக்கொண்டு திரும்பி வந்தார். "அடுத்த ஒழுங்கையில இருக்கிறாவாம். வாங்கோ."

"ஆர்?" என்றார் அம்மா.

"ஒரு வயசுபோன மனிசி. சாப்பாட்டுக்கடை வைச்சிருக்கிறவ."

"அதுக்கு ஏன் இத்தனை நாளும் எங்களுக்குக் கோபுரம் காட்டினீங்கள்?"

அப்பா கீழே பார்த்தார். "முதலே சொன்னா நீ வரமாட்டாய் எண்டு நினைச்சன்."

"சொல்லாமலே இவ்வளவு தூரம் வந்திட்டன். இனி என்ன" என்று அம்மா எழும்பினார். ஆனால் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஒழுங்கையில், தகரக் கூரைக்குக் கீழே, தலையை முக்காட்டால் மூடிய ஒரு பெண் கீரை கழுவிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். அப்பாவைக் கண்டதும் கீரை தண்ணீருக்குள் விழுந்தது. "குமார்" என்றார். இரண்டு கைகளாலும் அப்பாவின் கன்னத்தைப் பிடித்து மறுபடியும் "குமார், குமார்" என்றார்.

அப்பாவின் பெயர் குமார் இல்லை. "அம்மா, இவ வேற ஆரையோ நினைச்சிட்டா" என்று அம்மாவின் காதில் சொன்னேன். "பேசாம இரு" என்றார் அம்மா. அது அப்பா ஜகார்த்தாவுக்குக் கொண்டுவந்த பாஸ்போட்டில் இருந்த பெயர் என்று பல வருடங்களுக்குப் பிறகுதான் அறிந்தேன்.

இபு கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார். மேலும் கீழும் பார்த்தார். பிறகு தமிழில், அசல் யாழ்ப்பாணத் தமிழில், அப்பா கேட்பதுபோலவே இழுத்துக் கேட்டார்.

"சாப்பிட்டியோ?"

"ஓம், சாப்பிட்டிட்டன்" என்றார் அம்மா. யோசிக்காமல், உடனே.

எனக்குத் திகைப்பாக இருந்தது. இந்தப் பெண்ணுக்குத் தமிழ் எப்படித் தெரியும்? அதைவிட, அம்மா ஏன் பொய் சொல்கிறார்? காலையிலிருந்து நாங்கள் ஒன்றும் சாப்பிடவில்லை. என் வயிறு எரிந்துகொண்டிருந்தது.

ஆனால் இபுவுக்கு அம்மாவின் பதில் விளங்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். அப்பா மொழிபெயர்த்துச் சொன்னார். இபு மெதுவாகத் தலையை ஆட்டினார். கேள்வி மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு என்ன பதில் வரும் என்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார் போல இருந்தது.

பிறகு என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். "பிள்ளை நித்திரையோ?"

"இல்லை, நான் முழிச்சுக்கொண்டுதான் நிக்கிறன்" என்றேன். அப்பா அதையும் மொழிபெயர்த்தார். இபு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டு முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார்.

அடுப்புக்குப் பக்கத்தில் ஆட்கள் இருக்கும் நீளமான மரவாங்கு ஒன்று இருந்தது. அப்பா அதைத் தடவிப் பார்த்தார். "இந்த வாங்குதான். இதில இருந்துதான் உங்களுக்குப் போன் எடுக்கிறனான். இவ பக்கத்தில சமைச்சுக்கொண்டு நிப்பா. அறை முழுக்க ஆக்கள், அங்க கதைக்க ஏலாது. வெளியில நிண்டா பொலிஸ் பிடிக்கும்."

அம்மா அந்த வாங்கில் போய் இருந்தார். சாப்பிட்டாயிற்று என்று சொன்ன பிறகும் இபு எங்களுக்குச் சோறும் பொரித்த மீனும் கீரையும் போட்டார். அம்மா தலை நிமிராமல் சாப்பிட்டார். இரண்டாம் தரம் சோறு வாங்கினார். பேச மொழியில்லாததால் இபு அவருக்குப் பக்கத்தில் இருந்து, மீனில் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது இபு ஒழுங்கை முனை வரை வந்தார். அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த கடைசித் தமிழையும் சொன்னார்.

"கெதியா வாறன். கெதியா வாறன், என்ன?"

நான் தமிழ்ப் பள்ளியில் இலக்கணத்துக்குப் பரிசு வாங்கியவள். என்னால் பொறுக்க முடியவில்லை. போகிறது நாங்கள். நிற்கிறது அவர். அவர் எப்படிச் சீக்கிரம் வாறன் என்று சொல்லலாம்? "அப்பிடி இல்லை, போட்டு வாங்கோ எண்டு சொல்லவேணும்" என்று இபுவுக்கு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுத்தேன். அவர் என் வாயைக் கவனமாகப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்துத் திரும்பவும், "கெதியா வாறன்" என்றார்.

"அம்மா, பிழையாச் சொல்லுறா. நீங்கள் சொல்லிக் குடுங்கோ."

"விடு பிள்ளை" என்றார் அம்மா. "அவ சரியாத்தான் சொல்லுறா."

பேருந்தில் அம்மா அப்பாவின் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் எதிர் இருக்கையில் இருந்து, எழுவாய் எது, பயனிலை எது என்று அந்த வசனத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் பிழையாகத்தான் வந்தது.