என் பெயரில் போன டப்பா

என் மனைவிக்கு வந்த எச்சரிக்கையை அவளிடம் சொல்லாமல் மறைத்தேன். தினமும் சாமி கும்பிடுகிறவன்தான்... ஆனாலும் மறைத்தேன்.

விராலிமலைப் பக்கம் எங்கள் ஊரில் மருத்துவ முகாம் போட்டார்கள். நர்ஸம்மா என் இடுப்பில் டேப்பைச் சுற்றிவிட்டுச் சிரித்தார்.

"டேப்பு பத்தலைண்ணே. கறியைக் குறைங்க, காய் கீரை நெறையச் சேருங்க. இந்த ஒடம்புக்குக் குடலையும் பாத்துக்கிறது நல்லது. இந்த டப்பாவுல கொஞ்சம் மலம் எடுத்தாங்க. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாக் காட்டிரும்."

அப்போது தைப்பூசத்துக்காக முருகனுக்கு மாலை போட்டிருந்தேன். மாலையும் கழுத்துமாக அதைத் தொடுவதா? தீட்டாகிவிடுமே என்று பதறி, மனைவியிடம் கேட்டேன்.

"ஒன்னோடதக் குடுத்துரு செல்வி. யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் கொடுத்தாள். டப்பா என் பெயரில் போனது.

சில நாளில் நர்ஸம்மா போன் செய்தார். "ரத்தம் இருக்குண்ணே. பயப்படாதீங்க, மூலமாக்கூட இருக்கலாம். ஆனா கேமரா விட்டுப் பாத்திரணும். பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

எனக்கென்றால் அன்றே ஓடியிருப்பேன்... அவள் ஒல்லிக்குச்சி. கறியைத் தொடமாட்டாள். சஷ்டி தவறாமல் விரதம். தின்று கொழுத்த என் போன்றவனுக்கு வரும் குடல் புற்றுநோய் அவளுக்கு எப்படி வரும்? மூலம்தான் என்று நானே முடிவு கட்டினேன்.

அது மட்டுமா காரணம்? மாலை போட்டுக்கொண்டு ஏமாற்றியது ஊருக்குத் தெரிந்துவிடுமே... அந்தப் பயம்தான் பெரிது.

"ஒண்ணும் இல்லையாம்" என்றேன்.

"எனக்கு இல்ல, சரி. ஒங்க தொந்திய யாரு பாக்குறது?" என்று சிரித்தாள்.

நர்ஸம்மா மறுபடி கேட்டபோது, வெளியில் பார்த்துவிட்டதாகப் பொய் சொன்னேன்.

இந்த ஆடியில் அவளுக்கு நடந்தாலே மூச்சு வாங்கியது. ரவிக்கை தொளதொளத்தது. ரத்தம் குறைந்திருக்கிறது என்று பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டரம்மாவிடம், அவள் முன்னாலேயே, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"எடையும் கறியும் கூடுனா ஆபத்து கூடும், உண்மைதான். ஒல்லியா இருந்தா வராதுன்னு யாருங்க சொன்னா?" என்றார் டாக்டரம்மா.

யாரும் சொல்லவில்லை. எனக்கு வசதியாக இருந்ததை நான் நம்பினேன்... நீங்கள் என்னை என்ன நினைத்தாலும் தகும்.

கேமரா விட்டுப் பார்த்து, குடலில் இருந்த கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். செல்வி என்னைத் திட்டவில்லை. கிளம்பும்போது டாக்டரம்மாவிடம் மட்டும் பேசினாள்.

"முடிவு வந்தா எனக்கே போன் போட்டுச் சொல்லுங்கம்மா. இவருகிட்டச் சொல்லாதீங்க."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.