எட்டு மாடிக் கடைக்கு எதிரே ஒரு பூட்டு

கக்கூஸைப் பற்றி எழுத வந்துவிட்டாள் என்று முகம் சுளிக்கிறவர்கள் தாராளமாகச் சுளிக்கட்டும். அதை விட்டுவிட்டு கும்ரே அக்காவின் கதையைச் சொல்ல எனக்குத் தெரியாது.

கொரியாவின் தேகு நகரத்துக் கடைவீதியில் வாரம் மூன்று நாள் மஞ்சள் மேல்சட்டை மாட்டிக்கொண்டு வெளியூர்க்காரர்களை நடத்திக் கூட்டிப்போவது எங்கள் வேலை. கடைவீதியில் தொடங்கி இரண்டு பூங்காக்களைச் சுற்றி முடிப்போம். அக்கா முன்னால் பேசிக்கொண்டே போவாள். தோக்சிம் ஆகிய நான் வால்பக்கம் கொடியைப் பிடித்துக்கொண்டு, எவரும் கடைக்குள் நழுவிவிடாமல் பார்த்துக்கொள்வேன். அக்காவுக்கு அறுபத்து நான்கு வயது. வீதி நடுவில் இருக்கிற எட்டு மாடிக் கடையில், பெண்கள் காலணிப் பிரிவில், பதினெட்டு வருடம் நின்றவள். நின்றவள் என்றால் நின்றவள்தான், உட்கார அங்கே நாற்காலி கிடையாது.

அந்தக் கடையில் மாடிக்கு மாடி பளிங்குக் கழிப்பறை உண்டு. ஆனால் அது வாடிக்கையாளர்களுக்கு மட்டும், ஊழியர் கால் வைக்கக் கூடாது. ஊழியர்களுக்கென்று நிலத்தடியில் இரண்டே அறைகள், அதில் ஒன்றில் எப்போதும் துடைப்பமும் வாளியும். எண்பது பெண்கள், இடைவேளை பத்து நிமிடம். அதனால் எல்லோரும் சாலையைக் கடந்து, எதிர்ப் பூங்காவின் மூலையில் இருக்கிற ஒற்றை அறைக் கழிப்பறைக்கு ஓடுவார்கள். சிக்னல் மாறிவிட்டால் தொலைந்தது. அக்கா வேலை நாளில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். முப்பது வயதில் நீர்க்கடுப்பு, பிறகு ரத்தம், கடைசியில் ஒரு சிறுநீரகத்தை எடுத்தே விட்டார்கள். கடையிலிருந்து ஒரு பழக்கூடை வந்தது. அந்தக் கூடையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அதெல்லாம் அந்தக் காலம் என்றுதான் நானும் நினைத்தேன். போன மே மாதம் பூங்காவில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, நீலச் சீருடையில் ஒரு பெண் எங்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். அவள் திரும்பி வரும்போது அக்கா மறித்தாள். பெயர் பித்னா, எட்டு மாடிக் கடையில் அழகுசாதனப் பிரிவு, சேர்ந்து இரண்டு வருடம்.

"அந்தச் சட்டம் இன்னுமா இருக்கு?" என்றாள் அக்கா.

"சௌக்கியமா இருக்கு பெரியம்மா. போன மாசம் லேமினேஷன் பண்ணிப் புதுசா ஒட்டியிருக்காங்க. விடுங்க, நாலு நிமிஷம்தான் இருக்கு."

ஓடிவிட்டாள். அன்றைக்கு மீதி வழியெல்லாம் அக்கா பேச மறந்து மறந்து போனாள்.

ஜூனில் வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அனுப்பியவர் சுற்றுலாப் பிரிவுத் தலைவர் நம்கூங், நாற்பது வயது, எப்போதும் வெள்ளை வெளேரென்ற ஷூ. அதில் இரண்டு விஷயம். ஒன்று, இனி வெறும் பேச்சு போதாது, வருகிறவர்களுக்கு அந்தக் கால வாழ்க்கையை வேஷம் கட்டி 'அனுபவிக்க' வைக்க வேண்டும். இரண்டு, பூங்கா மூலையில் இருக்கிற பழைய கழிப்பறையை இடித்துவிட்டு, படம் பிடித்துக்கொள்ள ஆப்பிள் வடிவத்தில் ஓர் இருக்கை வைக்கப் போகிறார்கள். ஆப்பிளாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் காகிதத்தைக் கசக்கி எறிந்தேன், அக்கா அதை எடுத்து நீவி மடித்து வைத்துக்கொண்டாள்.

மூன்று முறை அலுவலகத்துக்கு நடந்தோம். மூன்றாம் முறைதான் அந்த மனிதர் தலையை நிமிர்த்தினார்.

"அத யாரும்மா உபயோகிக்கிறாங்க? ஊரு பூரா கழிப்பறை இருக்கு. ஆப்பிள் வந்தா எத்தனை பேர் வந்து உக்காருவாங்க தெரியுமா?"

"ஆப்பிள்ல உக்காரலேன்னா யாருக்கும் சிறுநீரகம் போயிடாது தலைவரே" என்றாள் அக்கா.

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த ஃபைலை எடுத்தார். வெளியே வந்ததும் நான் சத்தம் போட்டேன். "வாசல்ல உக்காந்துருவோம்க்கா. பேப்பர்ல வரட்டும், நாறட்டும்."

"உக்காந்தா குடை புடிச்சு தண்ணி குடுத்து அனுப்பிருவாங்கடி. அவர் கேட்டது அனுபவம்தானே? குடுத்துருவோம்."

ஜூலை நடுவில் அக்காவின் புதிய நடைச் சுற்றுலாவைச் சோதிக்க நம்கூங் வந்தார். கூடவே கேமராவோடு ஓர் உதவியாளர். தேகுவின் வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கா குடுவையைத் திறந்து குளிர்ந்த பார்லித் தண்ணீரை ஊற்றி நீட்டினாள். மூத்தவர்கள் நீட்டுகிற கோப்பையை இளையவர் மறுத்துவிட முடியுமா? இரண்டு கையாலும் வாங்கி, மரியாதையாக முகத்தைத் திருப்பிக் குடித்தார். அக்கா மறுபடி ஊற்றினாள். நாலு கோப்பை. பிறகு தர்பூசணி இரண்டு துண்டு.

அதற்குப் பிறகு அவர் சட்டையில் ஒரு பழைய பெயர் வில்லையைக் குத்தினாள். அவளுடைய வில்லைதான், 'காலணி — கும்ரே' என்று இருந்தது.

"இந்த நடையோட பேரு 'கடைப்பெண்ணின் ஒரு நாள்'. இத மாட்டிட்டா நீங்க கடைப்பொண்ணு. உக்காரக் கூடாது. வாடிக்கையாளர் கழிப்பறைக்குப் போகக் கூடாது. சரியா?"

"பிரமாதம். இதத்தான் நான் சொன்னேன்" என்றார் அவர், கேமராவைப் பார்த்து.

வீதியில் அரை மணி நேரம் நடந்தோம். நின்ற இடத்திலெல்லாம் அக்கா நிதானமாகப் பேசினாள். எட்டு மாடிக் கடைக்குள் நுழைந்தபோது தலைவருடைய பேச்சு குறைந்திருந்தது. இரண்டாம் மாடியில், காலணிகளுக்கு நடுவே, இருபது நிமிடம் நிற்க வைத்தாள். அவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம், நான் போயிட்டு வந்துடறேன்" என்று பளிங்குக் கழிப்பறைப் பக்கம் நகர்ந்தார்.

"கடைப்பொண்ணு அங்க போகக் கூடாது."

"விளையாட்டு போதும்மா."

"உங்க சுற்றறிக்கை தலைவரே. கேமரா வேற ஓடுது. இதோ எதிர்ப் பூங்காதான், பத்து நிமிஷத்துல போயிட்டு வந்துரலாம். நாங்க அப்படித்தான் போனோம்."

உதவியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்தார். தலைவருக்கு வீம்பு வந்துவிட்டது. படியிறங்கி விறுவிறுவென்று நடந்தார். சிக்னலில் சிவப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பச்சை விழுந்ததும் கிட்டத்தட்ட ஓடினார், வெள்ளை ஷூ பூங்காப் புழுதியில் பழுப்பானது.

கழிப்பறைக் கதவில் பூட்டு தொங்கியது. பலகையைக் காலையில்தான் அடித்திருக்கிறார்கள், எங்களுக்கே தெரியாது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தாள்.

"'இன்று முதல் மூடப்படுகிறது. எதிரே உள்ள எட்டு மாடிக் கடையின் கழிப்பறையைப் பயன்படுத்தவும். பிரிவுத் தலைவர், நம்கூங்.'"

அந்த நேரத்தில்தான் பித்னா ஓடிவந்தாள். பலகையைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். "ஐயோ பெரியம்மா, இதையுமா" என்றாள். என் கண் நிறைந்துவிட்டது, கையில் இருந்த கொடிக் கம்பால் அந்தப் பலகையை நாலு போடு போட வேண்டும் போல இருந்தது.

தலைவர் முகம் வேர்த்து வழிந்தது. "சரிம்மா, புரியுது. அப்புறம் பேசுவோம். நான் கடைக்கே போயிடறேன்."

"போங்க. வில்லையக் கழட்டிக் குடுத்துட்டு நீங்க போகலாம்" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை. "அவ எதக் கழட்டிட்டுப் போறது?"

அவர் கை வில்லைக்குப் போனது, அங்கேயே நின்றது. குந்தியிருந்த பெண்ணைப் பார்த்தார். பிறகு உதவியாளரிடம், "சாவி உன்கிட்டதானே இருக்கு? திற" என்றார்.

பூட்டு திறந்ததும் அவசரமாக உள்ளே கால் வைக்கப் போனார். அக்கா கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அவளுக்கு இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்கு. உங்களுக்கு நாள் பூரா இருக்கு."

பித்னா உள்ளே போனாள். நம்கூங் வெயிலில், அக்காவின் பெயரை மார்பில் குத்திக்கொண்டு, தொடையை நெருக்கி நின்றார். உதவியாளர் கேமராவை அணைக்கவே இல்லை. பித்னா வெளியே வந்து, குனிந்து வணங்கிவிட்டு ஓடினாள். அதற்குப் பிறகுதான் அவர் உள்ளே போனார்.

அவர் வெளியே வருவதற்குள் அக்கா பூட்டையும் சாவியையும் தன் பைக்குள் போட்டுக்கொண்டுவிட்டாள். ஆகஸ்டில் கழிப்பறையை மறுபடி பூட்ட வேலையாட்கள் அலுவலகத்துக் கடிதத்தோடு வந்து பூட்டையும் சாவியையும் கேட்டார்கள்.

"உங்க தலைவர வந்து கேக்கச் சொல்லுங்க, பார்லித் தண்ணி வச்சிருக்கேன்னு சொல்லுங்க" என்றாள்.

அவர் இதுவரை வரவில்லை.